25 லட்சம் வண்டிக்கு இன்சூரன்ஸ், அடியில் படுக்கிறவனுக்கு ஆண்டவன்

ஒரு ஹைட்ரா கிரேன் வாங்க வங்கியில் கடன் கேட்டால் என்னென்ன காகிதம் கேட்போம் தெரியுமா? கொட்டேஷன், மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், சிபில் மதிப்பெண், ஜாமீன்தாரர் விவரம், முன்பணம் கட்டின ரசீது. வண்டி வந்ததும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் ஏற வேண்டும். முழு இன்சூரன்ஸ் போட வேண்டும், பாலிசியிலும் வங்கியின் பெயர் இருக்க வேண்டும். பிரீமியம் கட்ட மறந்துவிட்டால் வங்கியே கட்டி கணக்கில் பற்று எழுதிவிடும். அது போதாதென்று வண்டி இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஆபீசர் நேரில் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார். பல வருடமாக அப்படிப் போகிற ஆபீசர்களில் நானும் ஒருவன்.

இத்தனை காகிதத்தில் ஒன்றுகூட, நாளைக்கு அந்த வண்டி ரிப்பேர் ஆனால் அதன் அடியில் படுக்கப் போகிற ஆளைப் பற்றியது கிடையாது.

இந்தப் பதிவைக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் மன்னிக்கவும்.

நவி மும்பை பக்கம் இருக்கிறவர்களுக்கு களம்போலி பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரும்புச் சந்தை, லாரி நிறுத்தம், கொஞ்ச தூரத்தில் 1989-இல் திறந்த நவா சேவா துறைமுகம். கன்டெய்னர் ட்ரெய்லர், ஹைட்ரா, ஃபோர்க்லிஃப்ட், டிப்பர் என்று தூக்குகிற வண்டி எல்லாம் அங்கே வந்துதான் படுக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஆட்களும் அங்கே உண்டு. லாரியில் வந்தவர்கள், லாரியோடு வந்து பட்டறையிலேயே தங்கிவிட்டவர்கள், வெல்டர்கள், டயர்க்காரர்கள். உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ ஒருவராவது இருப்பார்.

கிரேன் கவிழ்ந்து பாலம் விழுந்தால் டிவியில் காட்டுவார்கள். ஹைட்ராவுக்கு ஆயில் சீல் மாற்றும்போது பூம் இறங்கி ஒருவன் செத்தால் அது உள்ளூர்ப் பேப்பரில் நாலு வரி. பல நேரம் அதுவும் இல்லை. வண்டி வேலை செய்யும்போது நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், விசில் ஊதுகிறார்கள். அதே வண்டி நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மை நேர்மாறு. ஓடுகிற வண்டிக்கு வெளியேதான் ஆள் நிற்பான். ரிப்பேருக்கு நிற்கிற வண்டிக்குத்தான் அடியில் போவான், உள்ளே கை விடுவான், கழற்றக்கூடாததைக் கழற்றுவான்.

எப்படிச் சாகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காமர்ஸ் படித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இவை எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. வண்டியோடு வருகிற கையேட்டிலேயே இருப்பவைதான்.

1. தூக்கின பாடிக்கு அடியில் போவது. டிப்பர் பாடியோ ஹைட்ரா பூமோ மேலே நிற்பது ஆயிலின் பலத்தில். ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு சீல் போனால், கேபினில் உட்கார்ந்திருக்கும் ஹெல்பர் பையன் தெரியாமல் லிவரைத் தட்டினால் மொத்தமும் கீழே வரும். நகர நேரம் கிடைக்காது. பாடிக்கு இரும்பு முட்டு கொடுக்காமல் அடியில் தலையை நீட்டக்கூடாது. ஜாக்கியும் அதே கதைதான். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. தாங்க ஸ்டாண்டு வேண்டும், அல்லது கெட்டியான மரக்கட்டை அடுக்கு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அந்த வேலைக்கு ஆகாது, பாரம் ஏறினால் ஒரே நொடியில் பொடியாகும்.

2. ஹைட்ராவின் இடுப்பு. வழக்கமான ஹைட்ரா நடுவில் மடங்குகிற வண்டி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பாதியும் பின்பாதியும் கத்தரி மாதிரி நெருங்கும். அந்த இடுக்கில் நின்று கிரீஸ் அடிக்கும்போது ஒருவன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்டியரிங்கை அசைத்தால் முடிந்தது. இரண்டு பாதியும் மடங்காமல் பூட்டி வைக்கும் கம்பியை முதலில் மாட்ட வேண்டும். சாவியை எடுத்து, வேலை செய்கிறவன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேறு யார் பையிலும் இல்லை. அமெரிக்காவில் இந்தப் பூட்டு விஷயத்துக்கென்றே 1989-இல் தனி விதி போட்டார்கள். நமக்கு விதி வரும்வரை சட்டைப்பை போதும்.

3. டயர். பழைய மாடல் லாரி டிஸ்க்கில் ரிங் தனியாக இருக்கும். 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏறும்போது ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் அது தெறிக்கும். எதிரே குந்தி உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே காற்றடிக்கிறவன் முகம்தான் அதற்கு முதலில் கிடைக்கும். இதற்காகவே அமெரிக்காவில் 1980-இல் விதி வந்தது: இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், நீளமான ஹோஸ் வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் டயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில வண்டிகளில் சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். ஒன்று சக்கரத்தை ஹப்பில் பிடிப்பது. இன்னொன்று டிஸ்க்கின் இரண்டு பாதிகளை ஒன்றோடு ஒன்று பிடிப்பது. காற்று இருக்கும்போது தப்பான வட்டத்தைக் கழற்றினால் டிஸ்க் பிளந்து பாயும். எந்த நட்டைத் தொடுவதற்கும் முன்னால் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்க வேண்டும். டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் வெல்டிங் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தச் சூட்டில் டயரே குண்டாகும்.

4. ஆயில் ஊசி. இது பலருக்குத் தெரியாது, ஆகவே கவனமாகப் படியுங்கள். ஹைட்ராலிக் லைனில் 150 பார் என்பது சாதாரணம். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அதிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாது. எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்த்தால் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. ஆள் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வான். சில மணி நேரத்தில் உள்ளே சதை கெட ஆரம்பிக்கும். அன்றே ஆபரேஷன் நடக்கவில்லை என்றால் விரலோ கையோ போகும். ஒழுகலைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். குத்திவிட்டால் கிளினிக்கில் டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ‘பிரஷரில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது’ என்று இந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்.

இந்த நாலிலும் தப்பிக்க என்ன வேண்டும்? ஒரு முட்டு, ஒரு கம்பி, ஒரு கூண்டு, ஒரு அட்டைத் துண்டு. இதைக்கூட ஏன் செய்வதில்லை என்று கேட்டால் மூன்று பதில் வரும். மூன்றையும் பார்ப்போம்.

முதல் பதில்: “நம்ம ஆளுக்கு இருபது வருஷ அனுபவம் சார்.”

இருக்கட்டும். ஹோஸுக்கு எத்தனை வருட அனுபவம்? அது பத்து வருடம் வெயிலில் காய்ந்தது. வெடிக்கும்போது கீழே இருப்பது உஸ்தாதா நேற்று வந்த பையனா என்று பார்க்காது. அனுபவம் எதற்கு உதவும் என்றால், எங்கே முட்டு வைக்க வேண்டும் என்று தெரிவதற்கு. முட்டே வேண்டாம் என்பதற்கு அல்ல. ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்கிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். மற்றவர்களைக் கேட்க முடியாது.

இதோடு சேர்ந்தது இந்த ‘ஜுகாட்’ பெருமை. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதை வடக்கே எல்லோரும் மெச்சுகிறார்கள், மேடையில் மேனேஜ்மென்ட் குருக்களும் மெச்சுகிறார்கள். பாலிதீன் பையை வைத்து ஒழுகும் குழாயைக் கட்டுவது ஜுகாட். நான்கு செங்கல்லின் மேல் ஒரு கிரேனை நிறுத்திவிட்டு அடியில் ஒரு குடும்பத்தின் சம்பாத்தியத்தைப் படுக்க வைப்பதற்குப் பெயர் வேறு.

இரண்டாவது பதில்: “நேரம் இல்லை.”

இதற்குத்தான் நான் பதில் சொல்லத் தகுதியானவன், ஏனென்றால் அந்த நேர நெருக்கடியைத் தயாரிப்பதே எங்கள் தொழில். கணக்குப் போடுவோம். 25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 48 மாதம். மாதத் தவணை சுமார் 63,400 ரூபாய். ஒரு நாளைக்கு 2,100 ரூபாய் சொச்சம். வண்டி நின்றாலும் ஓடினாலும் இந்த 2,100 ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதலாளி பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு, “தம்பி, சீக்கிரம் முடிங்க, பார்ட்டி போன் மேல போன் போடுறான்” என்கிறார். “அண்ணா, முட்டு கொண்டாந்து வெச்சுட்டுப் போலாங்க” என்று சொல்ல அந்தத் தம்பிக்கு வாய் வராது. சொன்னால் அடுத்த முறை வண்டி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

சரி, முட்டு வைத்து, பூட்டுக்கம்பி மாட்டி, காற்றை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? தாராளமாக 20 நிமிடம் வைத்துக்கொள்வோம். பத்து மணி நேர வேலை நாளில் அது முப்பதில் ஒரு பங்கு. 2,100-ஐ 30-ஆல் வகுத்தால் 70 ரூபாய். இந்த 70 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு உயிரைப் பணயம் வைக்கிறோம். எந்த பேலன்ஸ் ஷீட்டில் இது லாபமாக வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது பதில்: “எல்லாம் விதி சார். எழுதினது நடக்கும்.”

அப்படியானால் வண்டிக்கு மட்டும் ஏன் இன்சூரன்ஸ்? வண்டிக்கும் விதி இருக்குமே. எரிந்து போகவேண்டும் என்று எழுதியிருந்தால் எரியட்டும் என்று விட்டுவிடலாமே. இரும்புக்கு பாலிசியும் மனிதனுக்கு விதியும் என்று பிரித்து வைத்திருப்பது ஆன்மீகம் இல்லை, கஞ்சத்தனம்.

அடுத்து, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிற அப்பாவிகளுக்கு. 1948-ஆம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தில் 29-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பாரம் தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் பத்து பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. மூன்று பேர் இருக்கும் தகரக் கொட்டகைக்கு அது எட்டவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் வருட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை இருபதாக ஏறியிருக்கிறது! மற்ற நிறுவனங்களுக்குப் பொதுவாகப் பத்து. நம் மூன்று பேர் பட்டறை அன்றும் வெளியே, இன்றும் வெளியே. உயிருக்கு ஆபத்தான வேலை என்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் அந்தச் சட்டத்தை நீட்டலாம் என்று ஒரு வழி அதிலேயே இருக்கிறது. தூக்கின பாரத்துக்கு அடியில் செய்யும் வேலையும் ரிங் டயருக்குக் காற்றடிக்கும் வேலையும் உயிருக்கு ஆபத்தானவை இல்லை என்றால் வேறு எதுதான் ஆபத்து?

இப்போது செத்த பிறகு நடப்பதற்கு வருகிறேன். இதைத்தான் வீட்டில் இருக்கிறவர்கள், முக்கியமாக அக்கா தங்கைகள், தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் யாராவது பெரிய மனிதர் வருவார். “போனது போச்சும்மா, கேஸு கோர்ட்டுனு போனா பத்து வருஷம் இழுக்கும். ஐயா மனசார ஐம்பதாயிரம் தரேங்கறாரு. பாடியை ஊருக்குக் கொண்டுபோற வண்டிச் செலவும் அவரே பாத்துக்கறாரு. இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்பார். புரியாத மொழியில் ஒரு ஸ்டாம்ப் பேப்பர். அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஐம்பதாயிரம்! 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு என்ன தெரியுமா? மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000. 25 வயதுப் பையனுக்கு அந்த எண் 216.91. அதாவது 7,500 பெருக்கல் 216.91, மொத்தம் 16,26,825 ரூபாய். இந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் வருட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் அடிப்படைகள் தொடர்கின்றன. அவற்றில் நாலு விஷயத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. அதற்கான அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். இரண்டு, ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. மூன்று, வழக்குக்காக மும்பைக்கும் சூரத்துக்கும் அலைய வேண்டியதில்லை. குடும்பம் வசிக்கும் ஊருக்கான அதிகாரியிடமே மனுப் போடலாம், அது நாமக்கல்லாக இருந்தாலும் சரி. நாலு, இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரவேண்டும் என்று நான் பார்க்கிற தம்பிகளிடம் எல்லாம் சொல்வது இதனால்தான். கையில் வாங்கும் சம்பளத்துக்குச் சாட்சி இல்லை. ‘அவன் என் ஆளே இல்லை, சும்மா டீ குடிக்க வந்தான்’ என்று சொல்லிவிடுவார்கள். கூடவே வருடம் 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு டீயும் வடையும் வாங்கும் காசு. எந்த வங்கியிலும் கேட்டு எழுதிக் கொடுங்கள். கொடுக்க மறுத்தால் சண்டை போடுங்கள், நானே சொல்கிறேன்.

இழப்பீடு வாங்குவது எப்படி என்று சொல்வது என் நோக்கம் இல்லை. ஆள் வீடு திரும்ப வேண்டும், அதுதான் நோக்கம். அதற்கு யார் என்ன செய்ய வேண்டும்?

பட்டறை முதலாளியை மட்டும் வில்லனாக்க நான் தயாரில்லை. பாதிப் பேர் நேற்றுவரை டிரைவராக இருந்து, மனைவியின் நகையை வைத்து ஒரு வண்டியோ ஒரு கொட்டகையோ போட்டவர்கள். அவர்களே கடனுக்கு அடியில்தான் படுத்திருக்கிறார்கள். பணம் இருக்கிற இடத்தில் பொறுப்பை வைக்க வேண்டும். அது வண்டி விற்கிற கம்பெனி, கடன் கொடுக்கிற வங்கி.

என் யோசனை எளிது. கடன் தொகையில் ஒரு சதவீதம் பாதுகாப்புச் சாமானுக்கு என்று கட்டாயமாக்க வேண்டும். 25 லட்சத்துக்கு 25,000 ரூபாய். நல்ல ஸ்டாண்டுகள், முட்டு, மரக்கட்டைகள், பூட்டு, நீளக் காற்று ஹோஸ். டயர்க்கூண்டு உள்ளூர் வெல்டரே செய்து கொடுத்துவிடுவார். இந்த 25,000-க்கு அதே வட்டியில் அதே 48 மாதத்துக்குத் தவணை 634 ரூபாய். ஒரு நாளைக்கு 21 ரூபாய். வண்டியைப் பார்க்கப் போகும் ஆபீசர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுக்கும்போது, இந்தச் சாமானையும் சேர்த்து எடுத்து வரட்டும். படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக அச்சடித்தால் முடிந்தது வேலை.

“இதெல்லாம் வங்கி வேலையா சார்?” என்று என் சக ஆபீசர்கள் கேட்கிறார்கள். குடோனுக்குக் கடன் கொடுத்தால் தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று கேட்கிறோம். நம் பணத்துக்கு ஆபத்து என்றால் எல்லாமே வங்கி வேலைதான். ஆளுக்கு ஆபத்து என்றால் மட்டும் அது வேறு யாரோ வேலை. இந்தப் பித்தலாட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

படிவம் மாறும்வரை வீட்டில் இருக்கிறவர்கள் சும்மா இருக்க வேண்டாம். ராத்திரி போனில் “சாப்பிட்டாச்சா” என்று கேட்கிறோம் இல்லையா, அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். “இன்னிக்கு எந்த வண்டிக்கு அடியில போனீங்க? முட்டு வெச்சீங்களா? சாவி யார் பையில இருந்துச்சு?” முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் எரிந்து விழுவார்கள். பத்தாம் நாள் வண்டிக்கு அடியில் குனியும்போது இந்தக் கேள்வி ஞாபகம் வரும். எனக்கு அது போதும்.

இந்தப் பதிவை நீங்கள் பாராட்ட வேண்டாம். டயர்க்கடையிலோ பட்டறையிலோ கிரேன் யார்டிலோ வேலை செய்கிற ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த நாலு ஆபத்துகளை மட்டுமாவது.